பூட்டு பாண்டி மறைவு

தான் இறந்துபோன செய்தி திருமேனிக்கு டவுன் பஸ்ஸின் வாசற்படியில்தான் தெரியவந்தது.

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணி. ஆனைமடை பஸ் ஸ்டாண்டில் ஏழாம் எண் வண்டி வந்து நின்று கதவைத் திறந்தது. ஓட்டுநரும் நடத்துநரும் இல்லாத வண்டி. வாசலில் பதித்திருக்கும் ஒரு கண்ணாடிச் சில்லு முகத்தைப் பார்த்துவிட்டு ஆளை உள்ளே விடும். இத்தனை வருடமாக அவனை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்த சில்லு அன்றைக்குச் சிவந்தது. பிறகு கனிவான பெண் குரலில் பேசியது.

"திரு. திருமேனி அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். காலமானவர்களின் பயண அனுமதி நிறுத்தப்பட்டுள்ளது."

திருமேனி ஒரு படி இறங்கி, மறுபடி ஏறினான். சில்லு மறுபடி இரங்கல் தெரிவித்தது. பின்னால் கீரைக் கூடையோடு நின்ற பெண் அவன் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, செத்திருந்தா கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. நாங்க ஏறணும்."

அவன் ஒதுங்கி நின்றான். யாராவது ஒதுங்கச் சொன்னால் காரணம் கேட்காமல் ஒதுங்குவது அவன் சுபாவம். வண்டி போய்விட்டது. அப்போதுதான் எதிர்ச்சுவர் கண்ணில் பட்டது. கழிப்பறைச் சுவர் நெடுக ஒரே போஸ்டர், பன்னிரண்டு தடவை.

"கண்ணீர் அஞ்சலி. எங்கள் வாசல் காத்த வேங்கை 'பூட்டு' பாண்டி என்கிற திருமேனி. தோற்றம் 12.06.2033. மறைவு 04.07.2044. வாசல் இருக்கிறது, பூட்டு எங்கே? ஆறாத் துயரில், ஆனைமடை அசுரர்கள்."

நடுவில் அவனுடைய கல்யாணப் போட்டோ. பக்கத்தில் நின்ற மனைவி வடிவாம்பாளை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் அவளுடைய கை மட்டும் அவன் தோள்மேல் தங்கிவிட்டிருந்தது. யாருடையது என்று தெரியாத, வளையல் போட்ட ஒரு கை. திருமேனி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கல்யாணத்தன்று கூட வடிவு தன் தோளில் கை வைத்திருந்ததை அவன் கவனித்ததாக நினைவில்லை.

பாண்டி யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'ஏழு வாசல்' என்றொரு விளையாட்டு. ஐந்து பேர் ஓரணியாகக் கோட்டையைக் காப்பார்கள், இன்னொரு ஐந்து பேர் உடைத்துக்கொண்டு வருவார்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காதுக்கு ஹெட்போன், பத்து விரலுக்கும் மெல்லிய உறை, அவ்வளவுதான் சாமான். பகலெல்லாம் லிப்ட் மெக்கானிக்காக அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் திருமேனி, வீட்டுக்கு வந்ததும் உறையை மாட்டி, ஏழாவது வாசலில் இரும்புத் தலைக்கவசத்தோடு நிற்பான். அங்கே அவன் பெயர் பூட்டு பாண்டி. அவனைத் தாண்டி உள்ளே போனவன் என்று மாவட்டத்தில் நான்கைந்து பேரைத்தான் சொல்ல முடியும். பதினோரு வருடத்தில் பதினாறாயிரம் மணி நேரம் அந்த வாசலில் நின்றிருக்கிறான்.

வடிவு அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். பேசாமல் இருந்தது அவனுக்கு வசதியாகப் போய்விட்டதால் மறுபடி பேசத் தொடங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவனை எழுப்பியது ஒன்பது வயது மகள் அல்லிதான். அதுவும் இட்லி சாப்பிடும்போது, சட்னியைத் தொட்டுக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, நேத்து என்னைப் பதினேழு தடவை கொன்னுட்ட."

நீச்சல் வகுப்பில் சேருவதற்கான படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. ஞாயிறு சாயங்காலம் கடைசி நேரம். வடிவு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டூட்டியில் இருந்தாள். அல்லி அறைக் கதவைத் தட்டினாள், முதுகைத் தட்டினாள். ஹெட்போனுக்குள் இருந்தவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. எனவே அம்மாவின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே ஏழு வாசலுக்குள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அவளுக்குக் கிடைத்தது எதிரணி. எதிரணிக்காரர் பேசுவது இவர்களுக்குக் கேட்காது என்பதால் கேடயத்தில் "அப்பா கையெழுத்து" என்று எழுதி, தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆயுதமில்லாமல் ஏழாவது வாசலுக்கு நடந்து வந்தாள்.

திருமேனிக்கு அது நினைவிருந்தது. அவளை வீழ்த்த ஒவ்வொரு தடவையும் சராசரியாக நான்கு விநாடி ஆயிற்று. கேடயத்தில் என்னவோ எழுதியிருந்தது; படிக்கவில்லை. "என்னடா இது, நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி திரும்பத் திரும்ப வருது" என்று அவன்தான் சொன்னான். ஐந்து பேரும் சிரித்தார்கள்.

இட்லித் தட்டின் முன்னாலேயே, இனி ஆட மாட்டேன் என்று அல்லியிடம் சத்தியம் பண்ணினான். அன்று காலையே உறைகளைக் கண்ணாடியோடு சேர்த்து ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டிப் பரண்மேல் வைத்தான். அணிக்கு ஒரே வரி அனுப்பினான்: "நான் இனி வரமாட்டேன்." தேதி ஜூலை நான்கு.

இரவெல்லாம் விழிப்பது நின்றதால் காலை நேரம் திடீரென்று கையில் நிறைய மிஞ்சியது. வடிவுக்குப் பெரும்பாலும் காலை ஆறு மணி டூட்டி. அதுவரை எதிர்வீட்டு அக்காதான் அல்லிக்குச் சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவன் பின்னினான். முதல் வாரம் அல்லி பள்ளிக்கூடம் போனது புயலில் மாட்டிய தென்னை மாதிரி. மூன்றாவது வாரம் சடை சடையாக இருந்தது. ஐந்தாவது வாரம் வகுப்புத் தோழி ஒருத்தி, "உங்கப்பா எனக்கும் பின்னிவிடுவாரா?" என்று கேட்டாளாம். அந்தச் செய்தியை அல்லி சொன்னபோது, மாவட்டத்தில் முதலிடம் பிடித்த அன்றுகூட வராத ஒரு கூச்சம் அவனுக்கு வந்தது.

அப்படியாக நாற்பத்தெட்டு நாள். நாற்பத்தொன்பதாவது நாள் காலையில்தான் பஸ் இரங்கல் தெரிவித்தது.

நேராக வைரவன் கடைக்குப் போனான். வைரவன் அணித்தலைவன். ஊரில் போஸ்டர் அடிக்கும் கடை அவனுடையதுதான்.

"வாடா மாப்ள" என்றான் வைரவன், பேப்பர் சுருளிலிருந்து தலை நிமிராமல். "பாத்தியா? கலர் எப்பிடி?"

"பஸ்ல ஏத்த மாட்டேங்குதுடா. நான் செத்துட்டேனாம்."

"நீ எங்கடா செத்த? செத்தது பாண்டி. தேதியப் பாரு. பாண்டி பொறந்தது முப்பத்திமூணுல, போனது போன மாசம் நாலாந்தேதி. எல்லாம் கரெக்டாத்தான் போட்டுருக்கேன்."

"போட்டோ என்னோடது."

"அவனுக்கு ஏதுடா மூஞ்சி? பதினோரு வருசமா இரும்புச் சட்டியக் கவுத்துக்கிட்டு நின்னவன்." வைரவன் இப்போது நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது, மையா, அழுகையா என்று சொல்ல முடியவில்லை. "ஒரு மண்டலம் பொறுத்தோம் மாப்ள. கோவத்துல போயிருக்கான், வந்துருவான்னு நாப்பத்தெட்டு நாள் ஒன் எடத்த அப்பிடியே வச்சிருந்தேன். நடுவுல ஒருத்தனப் போட்டுப் பாத்தோம். வர்றவனுக்கெல்லாம் வழி விட்டு நிக்கிறான். கேட்டா, பழக்கமாயிருச்சுங்கிறான், கல்யாண மண்டபத்துல வரவேற்புல நிக்கிற ஆளாம். எழுபது ஆட்டம் தோத்தாச்சு. போஸ்டரப் பாத்தா ஒனக்கு ரோசம் வரும்னு நெனச்சேன்."

"ரோசம் வரல. உயிர்தான் போயிருச்சு."

"இதுக்குப் போயி. எதிர் போஸ்டர் அடிச்சா முடிஞ்சுது."

மதியத்துக்குள் ஊரெல்லாம் இரண்டாவது போஸ்டர் ஏறியது. "எங்கள் திருமேனி மறையவில்லை. எங்களோடு என்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்." சாயங்காலம் வடிவின் போனுக்கு ஒரு தகவல் வந்தது. கணவரின் நினைவஞ்சலி பதிவு செய்யப்பட்டது, இறப்பு இரண்டாம் முறையாக உறுதி செய்யப்பட்டது.

அன்று அல்லி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு அவனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"ஸ்கூல்ல ரெண்டு நிமிசம் எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்கப்பா. மௌனமா."

"நீ?"

"நானும் நின்னேன். எல்லாரும் நிக்கும்போது நான் மட்டும் எப்பிடி உக்காருறது? அப்புறம் டீச்சர் சாக்லேட் குடுத்தாங்க."

வடிவு சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே அவள் போனில் இன்னொரு தகவல் வந்தது. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எனக்கு விதவை உதவித்தொகை ஆணை வந்திருக்குங்க" என்றாள். "நாளைக்கு லீவு போடுறேன். போய் என்னன்னு கேட்டுட்டு வந்துருவோம்."

உயிர்ப் பதிவு மையம் பழைய தந்தி ஆபீஸ் கட்டடத்தில் இருந்தது. அலுவலர் பெயர் செங்கமலம். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை நீளக்கூடிய கூந்தலைப் பின்னிச் சுருட்டி வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"எங்க இயந்திரம் சுவரைப் படிக்கும் சார். இந்தப் பக்கத்துல யாரும் இறப்பைப் பதிய வர்றதில்ல. பென்ஷன் நின்னுரும்னு பயம். ஆனா போஸ்டர் ஒட்டாம மட்டும் இருக்க மாட்டாங்க. அதனால அஞ்சலி போஸ்டரைப் படிச்சு, முகத்தை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சு, அதுவே பதிஞ்சுக்கும். மூணு வருசத்துல ஒரு தப்பு வந்ததில்ல. உயிரோட இருக்கிறவருக்கு அஞ்சலி அடிக்கிற சிநேகிதங்க இருப்பாங்கன்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல."

"பதினோரு வயசுல செத்ததா போட்டிருக்கே மேடம்" என்றாள் வடிவு. "ஒன்பது வயசுல பொண்ணு இருக்கு. அது கேள்வி கேக்காதா?"

"கேட்டுச்சும்மா. சம்பந்தப்பட்டவர்கிட்ட விளக்கம் கேட்டு அனுப்பியிருக்கு. அவர் இறந்துட்டதால பதில் வரலைன்னு மூடிருச்சு."

திருமேனி தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தான். "நான் வந்து நிக்கிறேனே. பாக்குறீங்கல்ல?"

"பாக்குறேன். நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா முகத்தை இப்ப யார் வேணா செஞ்சுக்கிறாங்க. போன மாசம் ஒருத்தர் செத்துப்போன மாமனார் முகத்தோட வந்து பத்திரத்துல கையெழுத்துப் போட்டார். குரல், ரேகை எல்லாமே அப்பிடித்தான். அதனால சட்டப்படி ஒண்ணே ஒண்ணுதான் செல்லும். விரல் நடை."

"அப்பிடின்னா?"

"ஒவ்வொருத்தர் விரலுக்கும் ஒரு நடை இருக்கு சார். எந்த விரல் முந்தும், எது தயங்கும், எங்க அழுத்தும், எங்க நழுவும். போன்ல தட்டுறதுல இருந்தே வருசக்கணக்கா பதிவாகிக்கிட்டு இருக்கும். அதைக் கள்ளத்தனமா செய்ய யாராலயும் முடியல." அவர் திரையைத் திருப்பிப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். "உங்களோடது பெரும்பாலும் ஏதோ விளையாட்டுல இருந்து வந்திருக்கு. பதினாறாயிரம் மணி நேரம். இவ்வளவு பெரிய பதிவை நான் பாத்ததே இல்ல."

அதில் ஒரு மரியாதை தொனித்தது. திருமேனி தலையைக் குனிந்துகொண்டான்.

"ரொம்ப சுலபம் சார். இங்கயே உக்காந்து ஒரு ஆட்டம் ஆடுங்க. பழைய பதிவோட தொண்ணூறு சதவீதம் ஒத்துப்போச்சுன்னா எந்திரிச்சுப் போகும்போது உயிரோட போகலாம். முப்பது நாளுக்குள்ள செய்யணும். அதுக்கு மேல கோப்பை மூடிருவோம், திறக்க முடியாது."

"நான் ஆட மாட்டேன்னு பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அதெல்லாம் உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் சார்."

வீட்டில் அல்லியிடம் விஷயத்தை வைத்தார்கள். அவள் கன்னத்தில் விரலை வைத்து யோசித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "நானும் கூட வருவேன். எதிர்ல யாராவது கேடயத்துல எழுதிக்கிட்டு வந்தா படிச்சுப் பாக்கணும்."

புதன்கிழமை மூவரும் போனார்கள். பஸ்ஸில் அவனை ஏற்றாது என்பதால் நடந்தே போனார்கள். பரண்மேலிருந்து இறங்கிய மஞ்சள் பையை அவன் பிரித்தான். உறைக்குள் விரல் நுழைந்ததும் முதுகெலும்பு வழியாக ஒரு சூடு இறங்கியது. அது மகிழ்ச்சிதான், அவன் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ளவில்லை. கண்ணாடிக்குள் ஏழாவது வாசல் அப்படியே இருந்தது. கல்லில் அவன் சாய்ந்து நின்று நின்று தேய்ந்த இடம் கூட. ஐம்பது நாளாகத் தன்னை அழைத்துக்கொண்டிருந்த மௌனம் இதுதான் என்று தோன்றியது.

முதல் ஆள் வந்தான். கேடயத்தில் எதுவும் எழுதவில்லை. திருமேனி விரலை அசைத்தான். பாண்டி உடனே அசையவில்லை. அசைந்தபோது இடமிருந்து ஒரு வீச்சு, வலமிருந்து ஒரு வீச்சு, பிறகு நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். வந்தவன் அந்த நிறுத்தத்தில் மிக நிதானமாக உள்ளே நுழைந்து போனான். அடுத்தவனும் அப்படியே போனான். இருபத்திரண்டு நிமிடத்தில் எதிரணியினர் முப்பத்தோரு தடவை ஏழாவது வாசலைக் கடந்தார்கள். ஒருவன் போகிறபோது பாண்டிக்கு வணக்கம்கூட வைத்தான்.

திருமேனி கண்ணாடியைக் கழற்றினான். செங்கமலம் திரையைப் பார்க்கவில்லை. அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது, வலது, நடு" என்றார் மெதுவாக. "சார், நீங்க சடை பின்னுவீங்களா?"

"நல்லாப் பின்னுவார்" என்றாள் அல்லி.

திரையில் அறுபத்தொன்று என்று வந்திருந்தது.

"மன்னிக்கணும் சார். நீங்க அவர் இல்ல."

அல்லி நாற்காலியில் ஏறி நின்று அப்பாவின் முகத்தைக் கிட்டத்தில் வைத்து ஒரு தடவை சரிபார்த்தாள்.

"சாதாரணமா யாரும் ஒரு பழக்கத்தை ஒரே நாள்ல விட மாட்டாங்க" என்றார் செங்கமலம். "கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாங்க, திரும்பப் போவாங்க, மறுபடி விடுவாங்க. நடையும் கூடவே மாறிக்கிட்டு வரும், இயந்திரமும் பின்னாலயே வந்துரும். நீங்க ஒரேடியா வெட்டிட்டீங்க. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவுல பாலமே இல்ல. ஜூலை நாலோட ஒரு ஆள் முடியறார். ஜூலை அஞ்சுல இன்னொரு ஆள் தொடங்குறார். எனக்கு இதுல அப்பிடித்தான் தெரியுது."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"இன்னும் நாள் இருக்கு. திரும்பப் பழகுங்க. தினம் சில மணி நேரம் ஆடினா பழைய நடை வந்துரும். வந்துட்டா நீங்க அவராயிருவீங்க."

வைரவன் இதைக் கேட்டதும் கடையின் பின்னறையில் ஒரு மின்விசிறியும் மெத்தை வைத்த நாற்காலியும் போட்டுவிட்டான். "பத்தே நாள் மாப்ள. ஒன்னப் பழையபடி பாண்டியாக்கிக் காட்டுறேன். உயிருக்கு உயிருமாச்சு, அணிக்கு ஆளுமாச்சு."

வேலைக்கும் போக முடியாது. செத்தவனின் லிப்ட் மெக்கானிக் உரிமம் செல்லாது. எனவே திருமேனி அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தான். ஒத்துப்போன சதவீதத்தை மையம் அன்றன்றைக்கு வைரவன் போனுக்கு அனுப்பியது. முதல் நாள் அறுபத்தாறு. இரண்டாம் நாள் எழுபது. மூன்றாம் நாள் எழுபத்தெட்டு. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியவன் எட்டு மணிக்கு எழுந்தான். எழுந்தபோது வைரவன் டீ வாங்கி வைத்திருந்தான், டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது என்று திருமேனிக்குத் தெரியவில்லை. இப்படித் தெரியாமல் போவதுதான் அதன் சுகம் என்பது மட்டும் நன்றாக நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை அல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் சீப்பை எடுத்தான். இரண்டு சடையும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. கயிறு மாதிரி, ஒரு இழை பிசகாமல்.

"வலிக்குதுப்பா."

"முடிஞ்சுது."

"முடிஞ்சுது, ஆனா வலிக்குது." அவள் திரும்பாமலே சொன்னாள். "நீ இப்ப வேற எங்கேயோ பாத்துக்கிட்டுப் பின்னுற."

திருமேனி சடையை அவிழ்த்தான். வகிட்டின் இரண்டு பக்கமும் தோல் சிவந்திருந்தது. அவன் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். தெருவில் பால்காரனின் வண்டி வந்து, மணி அடித்து, ஒரு வீட்டில் நின்று, போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. பிறகு அவன் முதலிலிருந்து தொடங்கினான். இடது, வலது, நடு. அந்தச் சின்ன நிறுத்தம் எதற்கென்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இழுத்தது வலிக்கிறதா என்று பார்ப்பதற்காக விரல் தானாகவே ஒரு கணம் நின்று கேட்கிறது.

மதியம் வடிவு வந்ததும் சொன்னான். "நான் வைரவன் கடைக்கு இனிமே போகல."

"அப்ப?"

"அப்ப செத்தது செத்ததுதான்."

வடிவு கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் நின்றாள். உரிமம், வேலை, ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம் எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனதை அவன் பார்த்தான். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பதினோரு வருசம் அந்தப் பாண்டிகூட குடும்பம் நடத்தியாச்சு" என்றாள். "போய்ச் சேந்தவர எதுக்கு எழுப்பிக்கிட்டு. விடுங்க."

மறுபடி மூவரும் நடந்தார்கள். மையத்தில் செங்கமலம் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு, அலமாரியிலிருந்து தூசு படிந்த ஒரு படிவக்கட்டை எடுத்தார்.

"ஒரே வழிதான் இருக்கு. எந்தப் பதிவும் இல்லாத ஆளுன்னு புதுசாப் பதியலாம். காட்டுல இருந்து வர்றவங்க, ஞாபகம் போனவங்க, இவங்களுக்குன்னு வச்ச படிவம். பேரு அதே இருக்கட்டும். பிறந்த தேதி மட்டும் உங்க புது விரல் நடை முதல்ல பதிவான நாள். ஜூலை அஞ்சு."

"ரெண்டு மாசம்கூட ஆகலையே" என்றாள் வடிவு.

"தோற்ற வயசு முப்பத்தொன்பதுன்னு தனியா ஒரு கட்டம் இருக்கும்மா. ஓட்டுப் போட, வேலைக்குப் போக எல்லாத்துக்கும் அது செல்லும். லிப்ட் பரீட்சை மட்டும் திரும்ப எழுதணும். தடுப்பூசிக்குப் பதிவு வயசைத்தான் எடுத்துக்குவாங்க. போன்ல நினைவூட்டிக்கிட்டே இருப்பாங்க, ரெண்டு வருசம் பொறுத்துக்கணும்."

திருமேனி கையெழுத்துப் போட்டான். அறிமுகம் செய்பவர் என்ற இடத்தில் வடிவு போட்டாள்.

"அடுத்தது" என்று செங்கமலம் கொஞ்சம் தயங்கினார். "உங்க கணவர் காலமாயிட்டார். இவர் கல்யாணமாகாதவர். நீங்க ரெண்டு பேரும் இஷ்டப்பட்டா இங்கயே திருமணப் பதிவு செஞ்சுக்கலாம்."

வடிவு திருமேனியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்று பார்க்க முடியாமல் போனதையெல்லாம் இப்போது சேர்த்துப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

"தாராளமா. அவசரமில்ல."

"கொஞ்சம் அவசரம்தான்" என்றான் திருமேனி.

"சும்மா இருங்க. ரெண்டு மாசக் குழந்தைக்கு என்ன அவசரம்."

வாசலில் காத்திருந்த வைரவன் தலையை நீட்டி, பெயர் சூட்டு விழாவுக்கு ஒரு போஸ்டர் அடிக்கட்டுமா என்று கேட்டான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

"கடைசியா இது" என்று செங்கமலம் மூன்று பக்கப் படிவம் ஒன்றைப் பிரித்தார். "பாப்பாவோட அப்பா பதிவுல இல்ல. இவர் பாப்பாவைத் தத்தெடுத்துக்கணும். குழந்தைக்கு ஏழு வயசு தாண்டியிருந்தா பெரியவங்க சம்மதம் மட்டும் போதாது. குழந்தையே கையெழுத்துப் போடணும்."

அல்லி படிவத்தை வாங்கிக்கொண்டாள். மூன்று பக்கத்தையும் விரல் வைத்து, உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தாள். மின்விசிறி சுற்றியது. நடந்து வந்ததில் அவள் சடை ஒன்று பாதி அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் போடலைன்னா?"

"போடலைன்னா இவர் உனக்கு அப்பா இல்லம்மா. தெரிஞ்சவர்."

அல்லி திருமேனியைப் பார்த்தாள். திருமேனி பேச வாயெடுத்தான். ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"கையெழுத்துப் போடும்மா" என்றான்.

"ஒண்ணு" என்றாள் அல்லி.

பதினேழு தடவை என்பது அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவன் பெஞ்சில் அவள் பின்னால் போய் உட்கார்ந்தான். செங்கமலம் கேட்காமலே தன் மேசை இழுப்பறையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தார். அவன் தொங்கிய சடையை முழுக்க அவிழ்த்து, மூன்றாகப் பிரித்தான்.

"கையெழுத்துப் போடும்மா."

"ரெண்டு."

இடது. "கையெழுத்துப் போடும்மா." மூன்று. வலது. "கையெழுத்துப் போடும்மா." நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் விரல் ஒரு கணம் நின்று கேட்டது. ஏழாவதில் வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்தாவதில் வாசலில் நின்ற வைரவன் மூக்கை உறிஞ்சினான். பதினொன்றில் செங்கமலமும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று என்று அரசாங்கக் குரலில்.

பதினாறு முடிந்தபோது சடையும் நுனிக்கு வந்துவிட்டது. அவன் ரிப்பனைக் கட்டினான். அல்லி பேனா மூடியைத் திறந்து, காகிதத்தின்மேல் நிறுத்தி வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி காத்திருந்தாள். திருமேனி உடனே கேட்டுவிடவில்லை. இத்தனை வருடம் அவள் இந்தப் பக்கம் நின்றுதான் தட்டியிருக்கிறாள், அப்போதெல்லாம் இப்படித் திரும்பியிருந்த முதுகு தன்னுடையது என்று அவனுக்குத் தோன்றியது.

"அப்பா, கையெழுத்து" என்றாள் அல்லி. "சீக்கிரம் கேளு. எனக்கு நீச்சலுக்கு நேரமாகுது."